சாஸ்தா பெயரில் ஒரு கட்டிடம்

நவம்பர் 2

தீபாவளிக்கு வந்த பெண் அதிரசத்தைக் கடித்துக்கொண்டே சொல்கிறாள்: "அப்பா, வேலைய விட்டுட்டேன். இன்னொண்ணு, நான் சோசலிஸ்ட்."

இனிமேல் காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்பதைப் போலச் சொன்னாள். தம்ளரில் இருந்த காப்பி என் புதுச் சட்டையில் கொட்டியது. கறை இன்னும் போகவில்லை.

வானதிக்கு இருபத்தைந்து வயது. பேர் சொன்னால் எவரும் புருவத்தை உயர்த்துகிற கல்லூரியில் படித்தாள். மன்ஹாட்டனில் கண்ணாடிக் கட்டிடத்தில் வேலை. கம்பெனிகளுக்கு யோசனை சொல்லுகிற வேலை என்று நான் தமிழ்ச் சங்கத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது வாடகைக்குக் குடியிருப்பவர்களின் சங்கம் ஒன்றில் முழுநேர ஊழியராம். சம்பளம் என்ன என்று கேட்டேன். "இப்ப அதுவா முக்கியம்?" என்றாள். புரிந்துகொண்டேன்.

"ஏட்டி, சோசலிசம்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்ப்பா. வீடு, ஆஸ்பத்திரி, படிப்பு எல்லாம் பணம் இருக்கவங்களுக்கு மட்டும்னு இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"ரஷ்யாவுல என்ன ஆச்சுன்னு தெரியுமா?"

"நான் நியூ ஜெர்சியில பொறந்தவப்பா."

பிறந்தது நியூ ஜெர்சி என்றாலும் அவளுக்குத் தெரிந்த தமிழ் அவள் அம்மா செண்பகத்தின் தமிழ். அம்பாசமுத்திரம் பக்கத்து வாசம் அப்படியே இருக்கும். அந்தத் தமிழிலேயே அவள் இதைச் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

எங்கள் அப்பா மில் வாசலில் சிவப்புக் கொடி பிடித்தவர். வேலை போயிற்று. அம்மா இட்லி அவித்து விற்றுத்தான் இந்தச் சிதம்பரநாதன் எஞ்சினியர் ஆனான். அந்தக் கொடிக்குப் பயந்து நான் கடல் தாண்டி ஓடிவந்தேன். அது எனக்குப் பின்னாலேயே விசா வாங்கிக்கொண்டு வந்து, என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதிரசம் தின்கிறது.

செண்பகம் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். "இன்னொண்ணு வச்சுக்கோட்டி" என்று தட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

நவம்பர் 10

தமிழ்ச் சங்கத்தில் குழந்தைகள் விழா. மேடையில் சின்னப் பிள்ளைகள் திருக்குறள் ஒப்பித்துக்கொண்டிருக்க, கீழே பெற்றவர்கள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம். என் வீட்டில்தான் இந்த இடி விழுந்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒவ்வொருவராக, வீட்டில் யாருக்கோ தொற்றுநோய் வந்ததைச் சொல்வது போல அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். கும்பகோணத்துக்காரர் வெங்கடரமணியின் பையன் பங்குச் சந்தை வேலையை விட்டுவிட்டு, ஏதோ சரக்குக் கிட்டங்கித் தொழிலாளிகளுக்கு யூனியன் கட்டுகிறானாம். சேலத்து டாக்டரம்மாவின் மகள் குளிரில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, நகரசபைக்கு நிற்கும் ஒரு சோசலிஸ்ட் பையனுக்கு ஓட்டுக் கேட்டாளாம்.

"தோத்திருப்பான்" என்றேன்.

"ஜெயிச்சுட்டான் சார். அதான் எங்களுக்கு இடியே" என்றார் டாக்டரம்மாவின் வீட்டுக்காரர்.

வெள்ளைக்காரப் பிள்ளைகளும் இப்படித்தான் இருக்கிறார்களாம். படிக்க வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது, சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகிறது, எங்களால் ஒரு நாளும் வீடு வாங்க முடியாது என்கிறார்களாம். நாங்கள் வந்தபோது மட்டும் வாசலில் ஆரத்தி எடுத்து வீடு கொடுத்தார்களா? ஒரே அறையில் ஐந்து பேர் படுத்தோம். பாத்ரூமுக்கு வரிசையில் நின்றோம். அப்போது எவனும் சங்கம் வைக்கவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்து ராஜதுரை அண்ணாச்சி மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம பிள்ளைகளுக்கு வயிறு நிறைஞ்சிருக்கு தம்பி. நிறைஞ்ச வயித்துக்குத்தான் கொள்கை வரும்" என்றார். சரியாகச் சொன்னார். அவர் மகனும் அதே கூட்டம்தான் என்று வழியில் செண்பகம் சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 17

கராஜில் இருந்த ரூம் ஹீட்டரைக் காணோம். செண்பகத்திடம் கேட்டால் "எனக்கென்ன தெரியும், நீங்கதான எதையும் வச்ச இடத்துல வைக்கமாட்டீங்க" என்கிறாள். காருக்குப் பனிக்கால டயர் மாற்றினேன்.

நவம்பர் 28

தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. ஊரெல்லாம் வான்கோழி, எங்கள் வீட்டில் வழக்கம்போல சொதியும் இஞ்சிப் பச்சடியும். வானதி வந்திருந்தாள். மெலிந்திருக்கிறாள். தொடர்ந்து இருமுகிறாள். "எங்கட்டி குடியிருக்க, அட்ரஸ் குடு, ஒரு நாள் வந்து பாக்கேன்" என்றேன். "சிநேகிதிகளோட இருக்கேன்ப்பா, சின்ன இடம்" என்று பேச்சை மாற்றினாள்.

சண்டை போடக் கூடாது என்று செண்பகம் காலையிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள். ஆகவே பொதுவாகக் கேட்டேன், சங்கத்தில் என்னதான் வேலை என்று. ஒரு கட்டிடத்தில் மூன்று வாரமாகச் சூடு வரவில்லையாம். முதல் மாடியில் கைக்குழந்தை ஒன்று, கையுறை போட்டுக்கொண்டு தூங்குகிறதாம். தாய்க்காரி சமையல் அடுப்பின் கதவைத் திறந்துவைத்துக் குளிர் காய்கிறாளாம். யார் ஓனர் என்றே குடியிருப்பவர்களுக்குத் தெரியாதாம். ஏதோ ஒரு கம்பெனியின் பெயர்தான் இருக்கிறதாம்.

நானும் குளிர் தெரிந்தவன்தான். "எந்தப் படுபாவிட்டி அது? பச்சப் பிள்ளைய வச்சிக்கிட்டு!" என்றேன்.

வானதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். செண்பகம் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். ஒரு கட்சிக்காரியின் வாயை அடைத்துவிட்டேன், நமக்கும் இரக்கம் உண்டு என்று காட்டிவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் திருப்தி.

போகும்போது ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, நம்ம குலதெய்வம் பேர இங்கிலீஷ்ல எப்படி எழுதுவீங்க?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பங்குனி உத்திரத்துக்கு ஊரில் போய் நிற்கும்போதுகூட போனையே பார்த்துக்கொண்டிருந்தவள். கரையடி சாஸ்தா என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். போனில் அடித்துக்கொண்டாள். "சா-வுக்கு ரெண்டு ஏ-வா, ஒரு ஏ-வா?" என்றுகூடக் கேட்டாள். சாமி விட்டுவிடவில்லை. பிள்ளை எங்கே போனாலும் திரும்பி வந்துவிடுவாள்.

டிசம்பர் 5

பங்காளிகள் நால்வரும் கணினியில் கூடினோம். எங்கள் கட்டிடத்தைப் பற்றி இதுவரை இந்த நோட்டில் எழுதவில்லை. இரண்டு வருடம் முன்பு ராஜதுரை அண்ணாச்சியின் யோசனையில், ஒரே சாஸ்தா கோயில்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து, ஆற்றங்கரையில் உள்ள பழைய மில் ஊர் ஒன்றில் மூன்று மாடிக் கட்டிடம் வாங்கினோம். நம் ஆட்கள் தொழில் தொடங்கினால் சாமி பெயர் வைக்காமல் இருப்பார்களா? கரையடி சாஸ்தா ஹோல்டிங்ஸ் என்று வைத்தோம். பத்திரத்துக்குச் சந்தனம்கூட வைத்தோம். அண்ணாச்சிதான் எல்லாம் பார்க்கிறார். நான் கட்டிடத்துக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், சாவி வாங்க.

அங்கே வீடுகளுக்குச் சூடு தருகிற பாய்லர் பழுதாம். புதிதாகப் போட வேண்டும் என்கிறார்களாம்.

"போடணும்தான். ஆனா இப்ப எதுக்கு? பழைய வாடகைக்கு ஒட்டிக்கிட்டு இருக்காங்க. குளிருக்கு நாலு வீடு காலியானா, வசந்தத்துல எல்லாத்தையும் இடிச்சுப் புதுசாக்கி நல்ல வாடகைக்கு விடலாம். நாம யாரையும் போன்னு சொல்லல. அவங்களா போனா நாம என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி.

மற்ற இருவரும் சரி என்றார்கள். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சரி என்றேன்.

இந்த வருடம் ஊரெல்லாம் பாய்லர் தகராறு போலிருக்கிறது.

டிசம்பர் 12

வியாழக்கிழமைதோறும் செண்பகம் யோகா வகுப்புக்குப் போகிறாள். யோகாவுக்கு எதற்கு இவ்வளவு பெரிய ரசப் பாத்திரம் என்று கேட்டேன். "அங்க எல்லாரும் சேந்து சாப்பிடுவோம்" என்றாள். ஊரிலிருந்து வந்த கம்பளிகள் இரண்டையும் காணோம். சலவைக்குப் போட்டிருக்கிறாளாம்.

டிசம்பர் 19

அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரப் பெண் ஹேலி. பண்ணை வைத்திருக்கும் ஒஹையோ குடும்பம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். நல்ல பிள்ளை. இன்று அட்டைப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக வந்தாள். மில் ஊரில் சூடு இல்லாத கட்டிடத்துக் குடிகளுக்காகக் குளிர்த்துணி சேர்க்கிறாளாம். அவளுடைய கோட்டில் சோசலிஸ்டுகளின் சிவப்பு ரோஜா பட்டன்.

"நீயுமா?" என்றேன்.

சிரித்தாள். தன் வயதில் அப்படி இல்லாத யாரையாவது உனக்குத் தெரியுமா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அவளுடைய தாத்தா கென்டக்கிப் பக்கத்தில் சுரங்க யூனியன் ஆளாம். பெருமையாகச் சொன்னாள். எங்கள் அப்பாவைப் பற்றி நான் இந்த நாட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

என் கழுத்துத் துண்டை அவிழ்த்துப் பெட்டியில் போட்டேன். நல்ல கம்பளித் துண்டு. அவள் என்னைக் கட்டிப்பிடித்து, இந்த ஓனர்கள் எல்லாம் உன்னைப் போல இருந்தால் எப்படி இருக்கும் என்றாள்.

எந்தக் கட்டிடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது.

டிசம்பர் 26

வெளியே மைனஸில் கொடுங்குளிர். ஹாலில் வெப்பத்தை இரண்டு புள்ளி கூட்டினேன். செண்பகம் எழுந்துபோய் அதைக் குறைத்துவிட்டு வந்தாள். நான் கூட்டினேன். மறுபடி குறைத்தாள். இவளுக்கு என்ன கேடு?

ஜனவரி 6

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மத்தியானம் ஹேலி தன் போனை நீட்டினாள். "நம் கட்டிடத்தைப் பார், எவ்வளவு கூட்டம்!" என்றாள். வாடகை கொடுக்கமாட்டோம் என்று குடிகள் தெருவில் நின்று கோஷம் போடுகிறார்கள். எல்லாம் இளவட்டங்கள். கறுப்பு, வெள்ளை, பழுப்பு எல்லா நிறமும். சிவப்புக் கொடி. பனி கொட்டிக்கொண்டிருக்கிறது.

முன்வரிசையில் ஒரு பையன் தூக்கிப் பிடித்த பலகையில், கொம்பு முளைத்த அரக்கன் ஒருவன் பணப்பையின் மேல் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குக் கீழே பெரிய ஆங்கில எழுத்தில் "கரையடி சாஸ்தா, வெட்கம்! வெட்கம்!" என்று எழுதியிருக்கிறது. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே சா-வுக்கு ஒரே ஒரு ஏ.

எங்கள் குலசாமி. என் அப்பனும் பாட்டனும் மொட்டை போட்ட சாமி. நியூ ஜெர்சித் தெருவில், பனியில், கொம்போடு!

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். ஹேலி, "உனக்கு உடம்புக்கு என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். போனில் வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. ஒலிபெருக்கியில் கத்துகிறவள் வானதி. அவளுக்குப் பின்னால், வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. கூட்டத்துக்குச் சுடச்சுட ஏதோ கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் ஒரு பெண்மணி. நீலச் சால்வை, கையில் எங்கள் வீட்டு ரசக் கரண்டி.

செண்பகம்.

ஜனவரி 7

நேற்று பேசமுடியவில்லை. இன்று காலையில் கேட்டேன்.

"யோகாவா நடத்துத?"

அவள் தோசையைத் திருப்பிப்போட்டாள். "பாத்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. எனக்கும் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு."

"சாமிக்குக் கொம்பு வரைஞ்சு வச்சிருக்கான், நீ அங்க நின்னு ரசம் ஊத்துத!"

"வரைஞ்சவனுக்கு அது சாமின்னு தெரியாது. தெரிஞ்சே அந்தப் பேர வாடகை வாங்குத கம்பெனிக்கு வச்சது நீங்க நாலு பேரும்."

சட்னி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஊற்றினாள்.

பிறகு ஒன்றொன்றாகச் சொன்னாள். அக்டோபரில் அந்தக் கட்டிடத்துக்குச் சங்கம் வைக்கப் போனபோது வாசலில் கம்பெனியின் பெயரைப் பார்த்து வானதி அப்படியே நின்றுவிட்டாளாம். வேறு எவனுக்கும் அது வாயில் நுழையாத ஒரு பெயர். அவளுக்கு மட்டும் அது பங்குனி உத்திரம். அப்பாவாக இருக்காது, எழுத்தாவது வேறாக இருக்கும் என்று தேங்க்ஸ்கிவிங் வரை நம்பிக்கொண்டிருந்தாளாம். அதனால்தான் அன்றைக்கு எழுத்துக் கேட்டாளாம்.

"அன்னைக்குத்தான் எந்தப் படுபாவின்னு நீங்களே கேட்டீங்க" என்றாள் செண்பகம். "எனக்கு உள்ள போயி அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு."

"சரி, அவ ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"அவ அங்கதான் குடியிருக்கா. மூணாவது மாடியில."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். திரும்பச் சொன்னாள். சங்கத்தின் வழக்கமாம், எந்தக் கட்டிடத்துக்காகப் பேசுகிறார்களோ அங்கேயே குடியிருப்பது. கட்டிடம் யாருடையது என்று தெரிந்த பிறகும் அவள் கிளம்பவில்லை. நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டு சரி என்று சொன்னேனே, அந்தக் குளிரில்தான் என் பிள்ளை இருமிக்கொண்டு படுத்திருக்கிறாள். இந்த வீட்டில் நான் வெப்பத்தைக் கூட்டும்போதெல்லாம் செண்பகம் போய்க் குறைத்தது அதற்காகத்தான்.

"இப்ப அவளுக்கு இருக்க கவலையே வேற" என்றாள். "ஓனர் அவ அப்பான்னு அங்க யாருக்கும் தெரியாது. சொன்னா உங்களுக்கு அவமானம். சொல்லலேன்னா அவங்களுக்குத் துரோகம். பிள்ள ரெண்டுக்கும் நடுவுல கெடந்து சாகுது."

அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். ஹாலில் வெப்பத்தை நானே குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். முட்டாள்தனம்தான். அதனால் அங்கே யாருக்கும் சூடு வரப்போவதில்லை.

ஜனவரி 9

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். பாய்லரைப் போட்டுவிடலாம் என்றேன்.

"இப்பவா? இப்பப் போட்டா பயந்துட்டோம்னு ஆயிரும் தம்பி. இன்னும் ஒரு மாசம் பொறு. பாதிப்பேரு ஓடிருவான்."

"அண்ணாச்சி, எம் பொண்ணு அங்க இருக்கா."

"தெரியும்" என்றார். "எம் பையன் சொன்னான். நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அவள மொதல்ல அங்கருந்து கூட்டிட்டுப் போ. பெத்த பிள்ளைய அடக்கத் தெரியாதவன் பங்காளியா இருந்து எங்களையும் சந்தி சிரிக்க வைக்கியே."

இருபது வருடப் பழக்கம். அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வாழைமரம் கட்டியவன் நான். போனை வைத்துவிட்டேன். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட, டிசம்பரில் அவர் பேசியபோது எனக்குக் கோபமே வரவில்லையே என்பதுதான் இப்போது திகைப்பாக இருக்கிறது.

ஜனவரி 12

வானதிக்குப் போன் செய்ய நான்கு தடவை எடுத்தேன். நான்கு தடவையும் வைத்துவிட்டேன்.

ஜனவரி 14

பொங்கல். பாலைப் பொங்கவிட்டு, குலவை போட ஆள் இல்லாமல் செண்பகமே மெதுவாகப் போட்டாள். இரண்டு பாத்திரங்களில் பொங்கலை எடுத்துவைத்தாள், ஒன்று சின்னது, ஒன்று அண்டா. இந்த முறை மறைக்கவில்லை. அண்டாவை நான்தான் காரில் தூக்கிவைத்தேன். கூட வாருங்கள் என்று அவள் கூப்பிடவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஜனவரி 18

இன்று போனேன்.

யாரையும் கேட்காமல் என் பொறுப்பில் ஒரு பாய்லர் மெக்கானிக்கைப் பிடித்தேன். டாமினிக் என்று பெயர். அவனுடைய வண்டிக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனேன். பங்காளிகள் கேட்டால் கேட்கட்டும். சூடு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

வாசலில் சிவப்புக் குல்லாய் போட்ட ஒரு பையன் காவலுக்கு நின்றான். யார் என்று மரியாதையாகக் கேட்டான்.

"வானாவின் அப்பா" என்றேன். அவளை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்.

அவன் முகம் மாறியது. டாமினிக்குக்குக் கதவைத் திறந்துவிட்டான். என்னிடம், "மன்னியுங்கள் ஐயா, ஓனர்கள் உள்ளே வரக் கூடாது என்று எங்கள் தீர்மானம்" என்றான்.

என் கட்டிடம். சாவி என் பையில் இருக்கிறது. என் பிள்ளை வயதில் ஒருவன் தீர்மானம் என்கிறான்! எங்கள் ஊர் மில் வாசலில் கேட்ட அதே வார்த்தை, ஆங்கிலத்தில். அன்றைக்கு நான் எங்கள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தீர்மானம் போட்டவர்களின் பக்கம் நின்றேன்.

வானதி இறங்கி வந்தாள். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். கழுத்தில் என் கம்பளித் துண்டு. அது என்னுடையது என்று அவளுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

"பாய்லர் போட ஆள் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றேன்.

"பாத்தேன். தேங்க்ஸ்ப்பா."

"இந்தப் பையனுக்கு என்னை எப்படித் தெரியும்?"

"நேத்து மீட்டிங்ல சொல்லிட்டேன். ஓனர்ல ஒருத்தரு எங்கப்பான்னு. இவ்வளவு நாள் மறைச்சது தப்பு, நான் ஒதுங்கிக்கிடுதேன்னு சொன்னேன். கொஞ்சம் பேரு ரொம்பக் கோவப்பட்டாங்க. அப்புறம் ஓட்டு போட்டாங்க." மூக்கை உறிஞ்சினாள். "இருக்கச் சொல்லிட்டாங்க."

"சரி, உள்ள வந்து உன் ரூம பாத்துட்டு, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போறேன்."

அவள் கதவில் கைவைத்துக்கொண்டு யோசித்தாள். "கேட்டுட்டு வாரேன்."

"யார்ட்ட?"

"எல்லார்ட்டயும்தான்ப்பா. ஓட்டு போடணும்."

என் பிள்ளை வீட்டில் நான் காப்பி குடிக்க ஓட்டெடுப்பு! வாசற்படியில் உட்கார்ந்தேன். கீழே நிலவறையில் டாமினிக் இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. முதல் மாடி ஜன்னலில் குல்லாய் போட்ட ஒரு குழந்தை, கையுறைக் கையால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தது. நான் கையை ஆட்டினேன். அதுவும் ஆட்டியது. அதற்கு நான் யார் என்று தெரியாது.

வானதி இரண்டு பேப்பர் கோப்பைகளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தோத்துட்டீங்கப்பா."

"எனக்கு ஒருத்தர்கூடவா போடல?"

"டோலோரஸ் ஆன்ட்டி மட்டும். அந்தக் கொழந்தையோட அம்மாச்சி. வயசானவரு குளிர்ல உக்காந்திருக்காரேன்னு."

"நீ?"

கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணாம்னுதான் கையத் தூக்குனேன்."

வேலையை விட்டபோது இல்லை, சாமிக்குக் கொம்பு வரைந்தபோது இல்லை, இப்போதுதான் எனக்கு நிஜமாகவே வலித்தது.

"ஏன்ட்டி? பாய்லர்தான் போட்டாச்சே."

"போட்டதுக்கு அப்புறம்?" என்றாள். சண்டைக் குரலே இல்லை. "சூடு வந்துரும். வசந்தம் வரும். அப்புறம் எங்கள எல்லாம் காலி பண்ணச் சொல்லி, இடிச்சுப் புதுசாக்குவீங்க. யாரையும் வெளியேத்த மாட்டோம்னு ஒரு ஒப்பந்தம் எழுதி உங்க கம்பெனிக்கு அனுப்பி ஒரு மாசம் ஆச்சு. ஒருத்தரும் பிரிச்சுக்கூடப் பாக்கல. நீங்க அதுக்கு வரலயே அப்பா. எனக்காகத்தான வந்தீங்க? எனக்குச் சூடு வேணும்னு."

இல்லை என்று சொல்ல முடியாது. டாமினிக்கின் வண்டிக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு வரும்போதுகூட, புது பாய்லர் போட்டால் கட்டிடத்தின் மதிப்பு ஏறும், வசந்தத்தில் அண்ணாச்சியும் சமாதானமாகிவிடுவார் என்று ஒரு நினைப்பு என் மண்டைக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த நோட்டிலும் எழுதியிருக்கமாட்டேன். இவள் எப்படிக் கண்டுபிடித்தாள்?

அவளுக்கு இருமல் வந்தது. கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன். மறுக்கவில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஓட்டு எனக்கு எதிராகத்தான், ஆனால் சாய்ந்துகொண்டாள். இரண்டையும் ஒரே பிள்ளை எப்படிச் செய்கிறாள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அந்தப் பேப்பரு இருக்கா இங்க?" என்றேன்.

"எந்தப் பேப்பரு?"

"அந்த ஒப்பந்தம். கொண்டா, படிச்சுப் பாக்கேன்."

நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கோட்டோடு எழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாளில் வீட்டுக்குள் ஓடிவருவாளே, அந்த ஓட்டம்.

படிக்கிறேன் என்றுதான் சொன்னேன். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லவில்லை. மூன்று பங்காளிகள் என் கழுத்தைப் பிடிப்பார்கள், அண்ணாச்சி கோர்ட்டுக்குப் போவார். எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் மூன்று மாடியும் அவள் ஏறிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று என் கை தானாகத் தடவிப் பார்த்தது. என்னை நானே திகைத்துப் பார்த்துக்கொண்டு அந்தப் படியில் காத்திருந்தேன்.